'உண்மைச் சம்பவம்' என்று ஒட்டிவிட்டால் உண்மையாகிவிடுமா?



கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பத்து வருடமாக உங்களிடம் சரக்கு வாங்குகிறவர் வருகிறார். ரமளானில் உங்கள் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிப் போகிறவர். உங்கள் மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து மொய் எழுதியவர். பணத்தை நீட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்: "தப்பா நெனச்சுக்காதீங்க பாய். கேரளாவுல முப்பத்திரண்டாயிரம் பொண்ணுங்கள மதம் மாத்தி சிரியாவுக்கு அனுப்பிட்டாங்களாமே? படம் பார்த்தேன். உண்மைக் கதைன்னு போட்டிருந்தாங்க..."

என்ன பதில் சொல்வீர்கள்?

நம்மில் பலரிடம் இரண்டே பதில்கள்தாம் இருக்கின்றன. ஒன்று, முகம் சிவந்து "எல்லாம் சங்பரிவார் கட்டிய கதை" என்று வெடிப்பது. மற்றொன்று, அசட்டுச் சிரிப்பு சிரித்து மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுப்பது. முதல் பதிலில் வாடிக்கையாளர் போய்விடுவார், சந்தேகம் தங்கிவிடும். இரண்டாவதில் வாடிக்கையாளர் தங்கிவிடுவார், சந்தேகமும் தங்கிவிடும். அவர் நமக்கு விரோதி அல்ல. விரோதியாக இருந்தால் உங்களிடம் கேட்டிருக்கவே மாட்டார். ஒரு லேபிளை நம்பி ஏமாந்தவர் அவர். அந்த லேபிளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சினிமா பார்க்கலாமா கூடாதா என்ற மார்க்கச் சர்ச்சைக்குள் நான் இங்கே போகவில்லை. நீங்கள் பார்க்காவிட்டாலும் உங்கள் தெருவே பார்க்கிறது. பார்த்துவிட்டு உங்களை ஏறிட்டுப் பார்க்கிறது. பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

முத்திரை போட்டது யார்?

உங்கள் கடைத் தராசுக்கும் எடைக்கற்களுக்கும் குறித்த காலத்தில் முத்திரை போட்டாக வேண்டும். தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து பார்க்கும்போது முத்திரை இல்லையென்றால் அபராதம். பாக்கெட்டில் 500 கிராம் என்று அச்சடித்துவிட்டு 480 கிராம் வைத்தால் வழக்கு. ஒரு கிலோ துவரம் பருப்பு விற்பவனுக்கு இத்தனை சட்டம் இருக்கிறது. ஆனால் "இது உண்மைக் கதை" என்று திரையில் எழுதிக் கோடிக்கணக்கில் டிக்கெட் விற்பவனின் எடைக்கல்லைச் சோதித்தது யார்?

தணிக்கை வாரியம் இல்லையா என்று கேட்பீர்கள். 1952-ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டத்தின்படி அந்த வாரியம் பார்ப்பது, படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டலாமா, எந்த வயதினருக்குக் காட்டலாம் என்பதைத்தான். 'ஏ' சான்றிதழ் என்றால் பதினெட்டு வயது நிரம்பியவர் பார்க்கலாம் என்று பொருள். சொன்னதெல்லாம் நடந்தது என்று பொருளல்ல. சம்பவம் நடந்ததா, எந்த வருடம், எந்த வழக்கு, எந்தக் காவல் நிலையம் என்று சாட்சிகளை விசாரிப்பது அந்த வாரியத்தின் வேலையே இல்லை. அந்த லேபிளைத் தயாரிப்பாளர் தாமே எழுதி, தாமே ஒட்டிக்கொள்கிறார்.

உண்மைக் கதை என்று சொல்லிப் படம் எடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2021-இல் வந்த 'ஜெய் பீம்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல் போலீஸ் காவலில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணுவின் வழக்கு அது. வழக்கறிஞராக இருந்து பின்னாளில் நீதிபதியான சந்துரு நடத்திய ஆட்கொணர்வு மனு, சென்னை உயர் நீதிமன்றத்தின் 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பு எல்லாம் பதிவில் இருக்கின்றன. பார்த்தவர்கள் பதிவோடு ஒப்பிட்டார்கள். "ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர், படத்தில் இருளர் என்று மாற்றியிருக்கிறார்களே" என்று கேட்டார்கள். சுவரில் தொங்கிய ஒரு காலண்டர் படம் தங்கள் சமூகத்தைச் சுட்டுகிறது என்று வன்னியர் தரப்பில் ஆட்சேபம் எழுந்ததும், சில நாட்களிலேயே அந்தக் காலண்டரை மாற்றினார்கள். மாற்றியது சரி. பெயரும் ஆண்டும் வழக்கும் இருக்கிற கதையைக் குறுக்கு விசாரணை செய்ய முடிகிறது என்பதுதான் இதில் நாம் பார்க்க வேண்டியது. தப்பு இருந்தால் கையை வைத்துக் காட்டலாம்.

முப்பத்திரண்டாயிரம் பேரில் யார் மேல் கையை வைத்துக் கேட்பது?

கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

2022 நவம்பரில் 'தி கேரளா ஸ்டோரி' படத்தின் முன்னோட்டம் வந்தது. பர்தா அணிந்த பெண் ஒருத்தி கேமராவைப் பார்த்து, தன்னைப் போல் 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டு சிரியா, ஏமன் பாலைவனங்களில் புதைந்து கிடக்கிறார்கள் என்று சொன்னாள். இந்த எண் எங்கிருந்து வந்தது? இயக்குநர் சுதிப்தோ சென் சுட்டிக்காட்டியது, கேரள முன்னாள் முதல்வர் உம்மன் சாண்டி சட்டமன்றத்தில் தந்த புள்ளிவிவரத்தை. ஆண்டுக்கு ஏறக்குறைய 2,800 முதல் 3,200 பெண்கள் என்று சாண்டி சொன்னாராம். பத்தாண்டுக்குப் பெருக்கினால் 32,000 வந்துவிடுகிறதாம்.

2012-இல் உம்மன் சாண்டி சொன்னது வேறு. 2006 முதல் 2012 வரை இஸ்லாத்தைத் தழுவிய இளம்பெண்கள் 2,667 பேர் என்றார் அவர். அது ஆறு ஆண்டுக்கும் சேர்த்து மொத்தக் கணக்கு. கட்டாய மதமாற்றம் நடந்ததாகத் தெரியவில்லை என்றும் அவரே சொன்னார். ஆறு வருட விற்பனையை ஒரு வருட விற்பனை என்று பேரேட்டில் எழுதி, அதைப் பத்தால் பெருக்கி, அந்தத் தாளை நீட்டி நீங்கள் வங்கியில் கடன் கேட்டால் மேலாளர் என்ன செய்வார்? எழுந்து வாசலைக் காட்டுவார். இங்கேயோ அந்தத் தாளுக்குத்தான் இருநூறு கோடி ரூபாய்க்கு மேல் வசூல்!

அதோடும் நிற்கவில்லை. மதம் மாறிய ஒவ்வொரு பெண்ணும் ஐ.எஸ். பயங்கரவாதியாகிவிட்டாள் என்று இன்னொரு பெருக்கல் வேறு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் 2020-ஆம் ஆண்டுப் பயங்கரவாத அறிக்கை, ஐ.எஸ். அமைப்போடு தொடர்புள்ள இந்திய வம்சாவளியினர் என்று அறியப்பட்டோர் 66 பேர் என்கிறது. கேரளத்தில் மட்டுமல்ல, ஆண் பெண் சேர்த்து எல்லோரையும் கணக்கில் எடுத்து 66 பேர்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2016-இல் காசர்கோடு, பாலக்காடு மாவட்டங்களிலிருந்து 21 பேர் ஆப்கானிஸ்தானில் ஐ.எஸ். பகுதிக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களில் மதம் மாறிய பெண்களும் உண்டு. கணவனைப் போரில் இழந்து, கைக்குழந்தையோடு காபூல் சிறையில் அடைபட்ட நான்கு கேரளப் பெண்களைப் பற்றி 2021-இல் எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. இது நடந்தது. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களின் கண்ணீர் பொய்யல்ல. அந்தப் பாவிகளின் இயக்கத்துக்கு எதிராக 2015-லேயே இந்த நாட்டின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உலமாக்கள் ஃபத்வா கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வாடிக்கையாளரிடம் இதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய பெண்களின் துயரத்தை எடுத்து, அதன்மேல் முப்பத்திரண்டாயிரம் என்ற கோபுரத்தைக் கட்டியவர்கள் அந்தப் பெண்களுக்கும் அல்லவா துரோகம் செய்திருக்கிறார்கள்?

'லவ் ஜிஹாத்' என்று நம் சட்டங்களில் எதுவும் வரையறுக்கப்படவில்லை, அப்படி ஒரு வழக்கை மத்தியப் புலனாய்வு அமைப்புகள் எதுவும் பதிவு செய்யவில்லை என்று 2020 பிப்ரவரி 4 அன்று மக்களவையில் எழுத்துமூலம் பதில் தந்தது யார் தெரியுமா? மோடி அரசின் உள்துறை இணையமைச்சர் கிஷன் ரெட்டி!

டிக்கெட் விற்கும்போது உண்மை, கோர்ட்டில் கற்பனை

படம் 2023 மே 5 அன்று வெளியானது. அன்றே கர்நாடகத்தின் பல்லாரியில் தேர்தல் மேடையில் நின்று, பயங்கரவாதச் சதியை அம்பலப்படுத்தும் படம் என்று பிரதமர் அதைப் புகழ்ந்தார். மத்தியப் பிரதேசமும் உத்தரப் பிரதேசமும் வரிவிலக்கு அளித்தன. (கன்னட மக்கள் மே 13-இல் காங்கிரசுக்கு 135 இடங்களைக் கொடுத்தார்கள். பார்ப்பவர்கள் எல்லோரும் ஏமாளிகள் அல்லர் என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.)

அதே மே 5 அன்று கேரள உயர் நீதிமன்றத்தில் தயாரிப்பாளர் தரப்பு என்ன சொன்னது? அந்த 32,000 முன்னோட்டத்தைத் தங்கள் சமூக வலைத்தளப் பக்கங்களிலிருந்து எடுத்துவிடுகிறோம் என்றது. அதற்குள்ளாகவே முன்னோட்டத்தின் விளக்கக் குறிப்பில் 32,000 பெண்கள் மூன்று பெண்களாகச் சுருங்கியிருந்தார்கள். மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தில் இன்னும் தெளிவானது. 32,000 என்ற எண்ணிக்கைக்கோ, வேறு எந்த எண்ணிக்கைக்கோ நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை, படம் கற்பனை கலந்த சித்திரிப்பு என்று படத்திலேயே அறிவிப்புப் போட வேண்டும் என்றானது. தயாரிப்பாளரின் வழக்கறிஞர் ஹரீஷ் சால்வே அதற்கு ஒப்புக்கொண்டார். மே 20 மாலை ஐந்து மணிக்குள் சேர்க்க வேண்டும் என்று கெடுவும் குறிக்கப்பட்டது.

பதினைந்து நாட்கள் உண்மை என்று சொல்லி விற்று முடித்த பிறகு, கற்பனை என்று எழுதிக் கொடுத்தார்கள். கலப்பட எண்ணெய் விற்றவன் பிடிபட்ட பிறகு "இது விளக்கேற்ற மட்டும்" என்று சீட்டு ஒட்டுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே வேலைதான்.

இதற்குப் பிறகும் என்ன நடந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஏப்ரல் 5 அன்று, கேரளத்தில் வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, நம் வரிப்பணத்தில் ஓடும் தூர்தர்ஷன் இந்தப் படத்தை ஒளிபரப்பியது. 2025 ஆகஸ்ட் 1 அன்று அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த இயக்குநர் விருது இதை எடுத்தவருக்குப் போனது. எண்ணுக்கு ஆதாரம் இல்லை என்று கோர்ட்டில் ஒப்புக்கொண்ட படத்துக்கு அரசின் கையால் பதக்கம்.

விடுதி அறையில் நம் மகள்

எண்ணை விட்டுவிடுங்கள். அந்தப் படத்தில் எனக்கு அதிகம் வலித்தது வேறு ஒன்று. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் நான்கு பெண்கள் தங்குகிறார்கள். மூவர் முஸ்லிம் அல்லாதவர்கள். நான்காமவள் ஆசிஃபா என்ற முஸ்லிம் மாணவி. அவள்தான் சிரித்துப் பேசி, சோறு பகிர்ந்து, மற்றவர்களை வலையில் வீழ்த்துகிறவள்.

தாடி வைத்த வில்லனைத் தமிழ் சினிமாவிலும் இந்தி சினிமாவிலும் நாம் நிறையப் பார்த்துவிட்டோம். இது புதிது. அறைத்தோழியாக வரும் முஸ்லிம் பெண்ணைப் பார்த்துப் பயப்படச் சொல்கிறது இந்தப் படம். யோசித்துப் பாருங்கள். நம் சமுதாயத்தில் பெண் பிள்ளைகள் வெளியூர் போய்ப் படிக்க ஆரம்பித்ததே எவ்வளவு போராட்டத்துக்குப் பிறகு! வீட்டில் பெரியவர்களைச் சமாதானப்படுத்தி, கடன் வாங்கி, ஒரு பெண்ணை நர்சிங் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விடுகிறார் ஒரு தகப்பன். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பெண்ணின் தாய் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "என் மகளுக்கு வேறு அறை கொடுங்கள்" என்று வார்டனிடம் கேட்டால்? வார்டன் மறுப்பாரா? நம் பிள்ளை சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்காரும் காட்சியை எந்த இயக்குநரும் படமாக எடுக்கப் போவதில்லை.

தியேட்டர் வாசலில் கருத்துச் சொல்கிறவர்கள்

படம் முடிந்து வெளியே வருகிறவர் முகத்தில் மைக்கை நீட்டுகிறார்கள். "கண்ணு கலங்கிருச்சு", "எல்லாத் தாய்மாரும் பார்க்கணும்", "இதெல்லாம் நமக்குத் தெரியாம மறைச்சுட்டாங்க" என்கிறார். மூன்று மணி நேரத்துக்கு முன் அவருக்கே தெரியாத ஒரு விஷயத்துக்கு இப்போது அவரே சாட்சி. அந்தப் பேட்டியைப் பார்த்து அடுத்தவர் போகிறார். இப்படித்தான் டிக்கெட் வாங்கியவர் சாட்சியாகிறார், சாட்சி நீதிபதியாகிறார்.

2022 மார்ச்சில் 'தி காஷ்மீர் ஃபைல்ஸ்' ஓடிய தியேட்டர்கள் பலவற்றில் படம் முடிந்ததும் திரைக்கு முன்னால் ஏறி நின்று, முஸ்லிம்களைப் புறக்கணிக்கச் சொல்லி முழங்கினார்கள். அந்தப் படப்பதிவுகள் நாடெங்கும் சுற்றின. பண்டிதர்கள் துரத்தப்பட்டது பொய்யா? இல்லை. 219 பண்டிதர்கள் கொல்லப்பட்டதாக ஜம்மு காஷ்மீர் அரசே 2010-இல் சட்டமன்றத்தில் சொன்னது. அந்தக் கொலைகளை நியாயப்படுத்தும் நாக்கு நம்மில் எவனுக்காவது இருந்தால் அது அழுகட்டும். ஆனால் அதே 1990-இல், ஏப்ரலில், காஷ்மீர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் முஷீருல் ஹக் அதே துப்பாக்கிகளால் கொல்லப்பட்டார். மே 21 அன்று மீர்வாயிஸ் மவ்லவி ஃபாரூக் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இவர்களுக்கு அந்தப் படத்தில் இடமில்லை. நடந்ததில் பாதியைச் சொல்லி மீதியை மறைப்பதும் கள்ளத்தராசுதான்.

இன்னொரு கூத்து. 2025 பிப்ரவரியில் 'சாவா' வந்தது. மராட்டிய மன்னர் சம்பாஜியின் கதை. ஒரு காட்சியில் முகலாயர்களின் பொக்கிஷம் புர்ஹான்பூர் பக்கம் இருப்பதாக வருகிறது. அவ்வளவுதான்! மத்தியப் பிரதேசத்தில் அசீர்கர் கோட்டையைச் சுற்றியுள்ள கிராமத்தார் மண்வெட்டியும் உலோகம் கண்டறியும் கருவியும் டார்ச் விளக்குமாக இரவோடு இரவாக வயல்களைத் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். போலீஸ் வந்து விரட்ட வேண்டியதாயிற்று. சிரிக்கலாம். மண்ணைத் தோண்டியவர்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தோம். சில நாட்களில் வேறு சிலர் அவ்ரங்கசீப்பின் கப்ரையே தோண்ட வேண்டும் என்று கிளம்பினார்கள். மார்ச் 17 அன்று நாக்பூர் பற்றி எரிந்தது. காயம்பட்டவர்களில் ஒருவர் மருத்துவமனையில் இறந்தார். மறுநாள் முதல்வர் ஃபட்னவிஸ் சட்டமன்றத்தில் எழுந்து, 'சாவா' படம் அவ்ரங்கசீப் மீது மக்களின் கோபத்தைக் கிளறிவிட்டது என்றார். நாம் சொன்னால் பாதிக்கப்பட்டவன் புலம்பல். இதைச் சொன்னது முதலமைச்சர்.

2023 மே 13 அன்று அதே மகாராஷ்டிரத்தின் அகோலாவில், 'கேரளா ஸ்டோரி' பற்றிய ஒரு சமூக வலைத்தளப் பதிவைத் தொட்டு மோதல் வெடித்து ஓர் உயிர் போனது. படம் பார்த்து ஒருவன் எழுதிய கருத்து, அதற்கு இன்னொருவன் எழுதிய பதில், பிறகு கல், பிறகு தீ.

எந்த உண்மைக்குத் திரை கிடைக்கிறது?

2002 குஜராத்தில் குல்பர்க் சொசைட்டியில் மகனைத் தொலைத்த பார்சி குடும்பத்தின் கதை 'பர்ஸானியா'. தேசிய விருது பெற்ற படம். 2007-இல் வெளியானபோது குஜராத் தியேட்டர்காரர்கள் திரையிட மறுத்தார்கள். ராகேஷ் சர்மாவின் 'ஃபைனல் சொல்யூஷன்' ஆவணப்படத்துக்கு 2004-இல் சான்றிதழே மறுத்தார்கள். பி.பி.சி. எடுத்ததை 2023 ஜனவரியில் வலைத்தளங்களிலிருந்து முடக்கினார்கள். 2025 மார்ச்சில் வந்த 'எம்புரான்' மலையாளப் படத்தில் கலவரக் காட்சிகள் வந்ததும், சில நாட்களிலேயே அதை எடுத்தவர்களே கத்தரிக்கோலை எடுத்து வெட்டினார்கள். வில்லனின் பெயரைக்கூட மாற்றினார்கள். அதே 2002-ஐப் பற்றி, ரயில் எரிந்ததைச் சொல்லும் 'சபர்மதி ரிப்போர்ட்' மட்டும் 2024 டிசம்பர் 2 அன்று நாடாளுமன்ற வளாகத்திலேயே பிரதமர் முன்னிலையில் ஓடியது.

இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அடுத்ததற்குப் போகிறேன், அது நமக்குக் கசப்பானது.

நம் தராசிலும் முத்திரை இல்லை

இளைஞர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். நிலவில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங் அங்கே பாங்கு ஓசை கேட்டார், பூமிக்குத் திரும்பி இஸ்லாத்தைத் தழுவினார் என்று எத்தனை மீலாது மேடைகளில் கேட்டோம்! எத்தனை பேர் தக்பீர் முழங்கினோம்! அப்படி எதுவும் நடக்கவில்லை என்று 1983-லேயே அமெரிக்க வெளியுறவுத் துறை மூலம் அவர் மறுப்புத் தெரிவித்துவிட்டார். அதற்குப் பிறகும் பல வருடங்கள் நம் மேடைகளில் அவர் முஸ்லிமாகவே இருந்தார். நமக்கு இனித்தது, அதனால் சோதிக்கவில்லை. 'கேரளா ஸ்டோரி' பார்த்தவருக்கும் அது ஏதோ ஒரு வகையில் இனித்திருக்கிறது, அதனால் அவரும் சோதிக்கவில்லை. செய்தி கொண்டு வருகிறவனைப் பற்றி அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனம் இடும் கட்டளை, எதிரி பரப்பும் செய்திக்கு மட்டும்தானா? நம் கைப்பேசியில் வரும் செய்திக்கு இல்லையா?

அடுத்து, தடை. 2013-இல் 'விஸ்வரூபம்' படத்தை எதிர்த்து நாம் திரண்டோம். தமிழக அரசு பதினைந்து நாள் தடை போட்டது. பேச்சுவார்த்தைக்குப் பின் சில இடங்களில் ஒலியை நீக்கி, பிப்ரவரி 7 அன்று படம் வெளியானது. நம் மன வேதனை நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நடந்தது என்ன? அந்தப் பதினைந்து நாளும் எல்லாத் தொலைக்காட்சியிலும் அந்தப் படம்தான். பார்க்க நினைக்காதவனும் பார்த்தான். நம் ஆட்சேபம் எந்தக் காட்சியைப் பற்றியது, ஏன் என்று இன்றைக்கு யாருக்காவது நினைவிருக்கிறதா? முஸ்லிம்கள் படத்தைத் தடுத்தார்கள் என்பது மட்டும்தான் நினைவிருக்கிறது.

'கேரளா ஸ்டோரி' விவகாரத்தில் மேற்கு வங்க அரசு மே 8 அன்று தடை போட்டது. பத்தே நாளில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. ஆனால் அதே நாள், அதே அமர்வு, "ஆதாரம் இல்லை" என்ற அறிவிப்பைப் போட வைத்ததே, அது இன்றும் நிற்கிறது. நாளைக்கு யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம். அதைப் பெற்றுத் தந்தவர்கள் கொடும்பாவி எரித்தவர்கள் அல்லர். மனு எழுதி, புள்ளிவிவரம் தேடி, வழக்கறிஞர் வைத்து, நீதிமன்றப் படி ஏறியவர்கள். தமிழகத்தில் மே 7 முதல் மல்டிபிளக்ஸ்காரர்களே படத்தை நிறுத்திக்கொண்டார்கள். கூட்டமும் இல்லை என்றார்கள். அதில் நாம் பெருமைப்பட எதுவும் இல்லை. தமிழ் மக்களின் விவேகத்துக்கு நன்றி சொல்லலாம்.

கேரளத்தில் முஸ்லிம் யூத் லீக் செய்ததைப் பாருங்கள். படம் சொல்வதை நிரூபித்தால் ஒரு கோடி ரூபாய் என்று அறிவித்து, மாவட்டந்தோறும் மேசை போட்டு, ஆதாரத்தைக் கொண்டு வாருங்கள் என்று உட்கார்ந்தார்கள். கல்லும் எறியவில்லை, கடையும் மூடவில்லை. வணிகனுக்குப் புரிகிற பதில் அது: சரக்கைக் காட்டு, பணத்தை வாங்கிக்கொள்.

எடுத்துச் சொல்ல நம்மிடம் உண்மை இல்லையா?

2023 மே 5 அன்று கேரளத்தைப் பற்றி இன்னொரு உண்மைப் படமும் வெளியானது. '2018'. அந்த ஆண்டின் பெருவெள்ளத்தில் மீனவர்கள் படகுகளோடு வந்து ஊர்களைக் காப்பாற்றிய கதை. நூறு கோடியைத் தாண்டியது, ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போனது. ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே மாநிலம், இரண்டு 'உண்மைக் கதைகள்'. ஒன்றில் அண்டை வீட்டான் கை கொடுக்கிறான், இன்னொன்றில் வலை வீசுகிறான். நம் இளைஞர்களில் எத்தனை பேர் முதலாவதைப் பற்றி ஒரு வரி எழுதினார்கள்? இரண்டாவதைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள்? எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கும்.

2020 ஜனவரியில் காயங்குளம் அருகே சேராவள்ளி ஜமாஅத், ஓர் ஏழை இந்துப் பெண்ணின் கல்யாணத்தைப் பள்ளிவாசல் வளாகத்திலேயே இந்து முறைப்படி நடத்தி, பத்துப் பவுன் நகையும் போட்டு அனுப்பியது. அதன் காணொலியை 2023 மே மாதம் ஏ.ஆர்.ரஹ்மான் எடுத்துப் போட்ட பிறகுதான் நம்மவர்களில் பலருக்கே அது தெரிந்தது.

ஷாஹித் ஆஸ்மியைத் தெரியுமா? சிறுவனாகத் தடாவில் பிடிபட்டு, திகார் சிறையில் ஆண்டுகளைக் கழித்து, சட்டம் படித்து, பயங்கரவாத வழக்குகளில் சிக்கவைக்கப்பட்ட அப்பாவிகளுக்காக வாதாடிய மும்பை வழக்கறிஞர். 2010 பிப்ரவரி 11 அன்று அவருடைய அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். மும்பைத் தாக்குதல் வழக்கில் அவர் வாதாடிய ஃபஹீம் அன்சாரி அதே ஆண்டு விடுதலையானார், உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஹன்சல் மேத்தா என்ற இந்து இயக்குநர் 2013-இல் 'ஷாஹித்' என்று அதைப் படமாக்கினார். சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் என இரண்டு தேசிய விருதுகள். வழக்கு எண்ணோடு ஒப்பிடக்கூடிய உண்மைக் கதை. நம் ஊர்களில் அதைப் பற்றி ஒரு கூட்டமாவது போட்டோமா?

சரி, கடைக்கு வருவோம். அந்த வாடிக்கையாளர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். டீ சொல்லுங்கள். 2016-இல் சிலர் போனது நிஜம் என்று முதலில் சொல்லுங்கள். பிறகு 2,667 எப்படி 32,000 ஆனது என்று பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டே காட்டுங்கள். கடைசியாக, 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தில் படக்காரர்களே ஒப்புக்கொண்டதைச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். நம்பவில்லையென்றால் விட்டுவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம். மறுநாளும் அவர் வருவார்.

ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஆங்கிலம் தெரிந்த இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்தால், அந்த உத்தரவைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். நூறு பிரதி எடுத்துக் கடைவீதியில் நம் வியாபாரிகளிடம் கொடுங்கள். கல்லாப் பெட்டியில் கிடக்கட்டும். இனி 'உண்மைச் சம்பவம்' என்ற லேபிளோடு எந்தப் படம் வந்தாலும், முன்னோட்டத்தைக் கோபக் குறிப்போடு அனுப்பி அவர்களுக்கு விளம்பரம் தேடித் தராதீர்கள். எந்த வழக்கு, எந்த ஆண்டு, எதை விட்டுவிட்டார்கள் என்று தேடுங்கள். உங்கள் வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லையென்றால், அவர் கேட்டதை அவர் வார்த்தையிலேயே ஓர் அஞ்சலட்டையில் எழுதி நம் இதழுக்கு அனுப்புங்கள். படத்தின் பெயரையும் காட்சியையும் குறிப்பிடுங்கள். நீதிமன்ற ஆவணங்களைப் பார்த்து, இன்ஷா அல்லாஹ், அடுத்தடுத்த இதழ்களில் பதில் எழுதுகிறோம்.